துவைச்சதுல சுருங்கின ஜீன்ஸ திரும்ப இழுத்துக் கொண்டு வர முடியுமா?

தம்பி கேட்டிருக்கிறது சுருக்கமா இதுதான். புதுசா வாங்கின ஜீன்ஸ், இடுப்பு 32, கடையில போட்டுப் பாத்தப்ப கச்சிதமா இருந்துச்சு, லென்த் மட்டும் அங்கயே குறைச்சு வாங்கிட்டு வந்திருக்காரு. ரூம்ல இருக்கிற ஹீட்டர் வச்ச மெஷின்ல வெள்ளைத் துணிங்களோட சேத்து 60 டிகிரியில ஓட விட்டுட்டாரு. இப்போ பட்டன் ரெண்டு விரக்கடை தள்ளி நிக்குது, கால் கணுக்காலுக்கு மேல ஏறிருச்சு. தலைக்குப் போடுற கண்டிஷனர்ல ஊற வச்சா பழையபடி ஆயிரும்னு வீடியோல காட்றாங்களே, அது நிஜமா, இல்ல தூக்கிப் போட்டுரவான்னு கேக்குறாரு. (அந்த வெள்ளை பனியன்லாம் என்ன கலர்ல வெளிய வந்துச்சுன்னு அவரும் சொல்லல, நானும் கேக்கல.)

தூக்கிப் போடாதீங்க. இடுப்புல அரை இஞ்ச்ல இருந்து ஒரு இஞ்ச் வரைக்கும் வீட்லயே மீட்டுரலாம், நான் நிறைய பேருக்கு பண்ணிக் குடுத்திருக்கேன். லென்த் அவ்ளோ சுலபமா வராது, அத பத்தி கீழ சொல்றேன். கண்டிஷனர் மந்திரமெல்லாம் இல்ல, முக்கால்வாசி வேலைய பண்றது தண்ணியும் உங்க கையும்தான். நான் கார்மென்ட்ஸ் லைன்ல பதினோரு வருஷம் இருந்தவன், அதுல பாதிக்கு மேல டெனிம் துணிய துவைச்சுத் துவைச்சு எவ்ளோ சுருங்குதுன்னு அளந்து ரிஜிஸ்டர்ல எழுதுற வேலை, அதனால கொஞ்சம் நீளமாவே எழுதுறேன், பொறுத்துக்கோங்க.

மொதல்ல ஏன் சுருங்குதுன்னு புரிஞ்சுக்கணும், அது புரிஞ்சாதான் எந்தப் பக்கம் இழுக்கணும்னு தெரியும். நிறைய பேரு சூடு பட்டு நூல் பிளாஸ்டிக் மாதிரி சுருங்கிப் போகுதுன்னு நெனைக்கிறாங்க. பருத்தி அப்படி இல்ல. தறியில துணி நெய்யும்போது நீளவாக்குல ஓடுற பாவு நூல விறைப்பா இழுத்துப் பிடிச்சுதான் நெய்வாங்க. ஜீன்ஸ்ல நீலமா இருக்கே அதுதான் பாவு, குறுக்க போற ஊடை நூல் சாயம் போடாத வெள்ளை, அதனாலதான் ஜீன்ஸ திருப்பிப் பாத்தா உள்பக்கம் வெளுப்பா இருக்கும். இந்த பாவு நூல் நெய்த நாள்ல இருந்து ஒரு இழுப்புலயே உக்காந்துட்டு இருக்கு. தண்ணி பட்டதும் பருத்தி இழை ஊறிப் பருக்குது. ஒரு நூல் தடிச்சா, அதுக்கு மேலயும் கீழயும் வளைஞ்சு போற இன்னொரு நூலுக்கு சுத்திப் போற தூரம் கூடுது இல்லையா, அந்தக் கூடுதல் தூரத்துக்கு வேண்டிய நூல அது எங்க இருந்து எடுக்கும், தன் நீளத்துல இருந்துதான் எடுக்கும். துணி குட்டையாயிரும். கிணத்துக் கயிறு நனைஞ்சா முடிச்சு இறுகிக்கும் பாருங்க, அவுக்கவே முடியாது, கிட்டத்தட்ட அதே கதைதான்.

இதுல சூடு என்ன பண்ணுதுன்னா, இழை இன்னும் நல்லா இளகிக் குடுக்குது, அவ்ளோதான். கூடவே மெஷின் போட்டு குலுக்குற குலுக்கல். இந்தக் குலுக்கல யாரும் கணக்குல எடுத்துக்கிறதே இல்ல. பச்சைத் தண்ணியில சும்மா ஊற வச்ச ஜீன்ஸ் கொஞ்சம்தான் சுருங்கும், அதே ஜீன்ஸ சுடுதண்ணியில ஒரு மணி நேரம் உருட்டி, அப்புறம் டிரையர்லயும் உருட்டுனா பூரா சுருக்கமும் ஒரே நாள்ல வெளிய வந்துரும். துவைக்கிற கல்லுல அடிச்சாலும் அதேதான், மெதுவா நடக்கும்.

அப்போ கம்பெனிக்காரன் இத யோசிக்க மாட்டானான்னு கேப்பீங்க. யோசிச்சான். அமெரிக்காவுல சான்ஃபோர்ட் க்ளூயெட்னு ஒருத்தர், 1930 வாக்குல ஒரு முறை கொண்டு வந்தாரு. துணிய ஆவியில நனைச்சு தடியான ரப்பர் பெல்ட் மேல ஓட விட்டு, அந்த ரப்பர் இழுபட்டு திரும்ப சுருங்குறப்ப துணியையும் கூடவே நெருக்கி சுருக்கிரும். வீட்ல சுருங்க வேண்டியத மில்லுலயே சுருக்கிட்டு அனுப்புறது. அவர் பேர்ல இருந்துதான் சான்ஃபரைஸ்டுங்கிற வார்த்தையே வந்துச்சு, இப்போ கடையில விக்கிற ஜீன்ஸ் ஏறக்குறைய எல்லாமே இப்படி வந்ததுதான். இது பண்ணாத துணி மொதல் துவைப்புல 7ல இருந்து 10 சதவீதம் வரைக்கும் சுருங்கும். லீவைஸ் 501ல ஷ்ரிங்க் டு ஃபிட்னு ஒண்ணு விக்கிறாங்களே அது இந்த ரகம்தான், வேணும்னே பெருசா வாங்கி, நனைச்சு, உடம்போட சுருக்கிக்கிறது. சான்ஃபரைஸ் பண்ண துணியில மிச்சம் இருக்கிற சுருக்கம் 1ல இருந்து 3 சதவீதம்.

மூணு சதவீதம்தானேன்னு தோணும். 32 இஞ்சுக்கு மூணு சதவீதம் போட்டுப் பாருங்க, கிட்டத்தட்ட ஒரு இஞ்ச். அந்த ஒரு இஞ்ச்தான் பட்டன் போட முடியுறதுக்கும் முடியாததுக்கும் நடுவுல இருக்கிறது. கால் உள்பக்க நீளம் 30 இஞ்ச்னா அதுலயும் ஒரு இஞ்ச் பக்கமா போகுது. தம்பி ஜீன்ஸ் ரெண்டு விரக்கடை தள்ளி நிக்குதுன்னா, ஒரு இஞ்சுக்கு மேலயே போயிருக்கு. மில்லுல சரியா சுருக்காம விட்ட லாட்டா இருக்கலாம். நாங்க லேப்ல துணி மேல அழியாத மையில ஒரு சதுரம் போட்டு, மூணு தடவை துவைச்சுக் காய வச்சு, திரும்ப டேப் வச்சு அளப்போம். ஒரே மில்லு, ஒரே துணி, ஒரு ரோல் நல்லா வரும், அடுத்த ரோல் கழுத்தறுக்கும். அவசரமா ஷிப்மென்ட் போகணும்னா யாரு டெஸ்ட் ரிப்போர்ட்டுக்கு நிக்கிறாங்க, அத விடுங்க.

இப்போ முக்கியமான விஷயம். ஜீன்ஸ்ல கால் பீஸ பாவு வாக்குலதான் வெட்டுவாங்க, அதாவது நீள நூல் இடுப்புல இருந்து பாதம் வரைக்கும் ஓடும். இடுப்புப் பட்டியையும் பெரும்பாலும் பாவு வாக்குலயே நீளமா கீத்து எடுப்பாங்க. அதனால அதிகமா சுருங்குறது ரெண்டே இடம்தான், இடுப்பு சுத்தளவு, காலோட நீளம். தொடை அகலம் ஊடை பக்கம் வருது, சுத்த பருத்தியில அது அவ்ளோ சுருங்காது, சுருங்குனாலும் போட்டு அரை நாள் நடந்தா தானா இடம் குடுத்துரும். ஸ்ட்ரெச் ஜீன்ஸ்ல கதை தலைகீழ், ஏன்னா லைக்ராங்கிற ரப்பர் மாதிரி இழுபடுற நூல ஊடையிலதான் வச்சிருப்பாங்க, அங்க அகலம் சுருங்கி தொடைய கவ்விப் பிடிக்கும்.

வேலையில எறங்குறதுக்கு முன்னாடி நிஜமாவே சுருங்கிருக்கான்னு பாத்துருங்க. கோச்சுக்காதீங்க, தீபாவளி முடிஞ்சு ஒரு வாரத்துல ஜீன்ஸ் சுருங்கிருச்சுன்னு எங்கிட்ட வந்தவங்க எத்தன பேருன்னு எனக்குத்தான் தெரியும். இதுக்கு சுலபமான வழி, லென்த்த பாருங்க. நமக்கு தொப்பை போட்டா இடுப்பு டைட் ஆகும், லென்த் பெருசா மாறாது. லென்த்தும் சேந்து ஏறிருந்தா அது ஜீன்ஸோட தப்பு, லென்த் அப்படியே இருந்து இடுப்பு மட்டும் பிடிச்சா கொஞ்சம் யோசிங்க. இன்னொண்ணு, போர் தண்ணியில துவைக்கிறவங்களுக்கு, உப்பு படிஞ்சு துணி அட்டை மாதிரி விறைச்சு நிக்கும், காலை உள்ள விடும்போது சுருங்கின மாதிரியே தெரியும், அரை மணி நேரம் போட்டிருந்தா சரியாயிரும். அதுக்கு இழுக்கத் தேவையில்ல, நல்ல தண்ணியில ஒரு அலசு அலசுனா போதும்.

டேப் இருந்தா அளந்து ஒரு பேப்பர்ல எழுதிக்கோங்க. பட்டன் போட்டு, தரையில பரப்பி, இடுப்புப் பட்டிய ஓரத்துல இருந்து ஓரம் அளந்து ரெண்டால பெருக்குங்க. லேபிள்ல 32ன்னு போட்டிருக்கிறத நம்பாதீங்க, 32ன்னு எழுதி 33, 34 இஞ்ச் இருக்கிற ஜீன்ஸ்தான் கடையில பாதி. உங்களுக்கு நல்லா பொருந்துற வேற ஒரு பழைய பேண்ட்ட அளந்து அதுதான் டார்கெட்னு வச்சுக்கோங்க.

உள்ள தச்சிருக்கிற லேபிள்ல என்ன துணின்னும் பாருங்க. 100 சதவீதம் காட்டன், இல்ல 98 காட்டன் 2 எலாஸ்டேன், இப்படி இருக்கும். எலாஸ்டேன், ஸ்பான்டெக்ஸ், லைக்ரா எல்லாம் ஒரே சாமான்தான், லைக்ராங்கிறது பிராண்ட் பேரு. கீழ சொல்ற முழு வைத்தியமும் காட்டனுக்கு, ஸ்ட்ரெச்சுக்கு தனியா சொல்றேன்.

சரி, கண்டிஷனர். தலைக்குப் போடுற கண்டிஷனர்ல கொழுப்புச் சேர்ந்த ஆல்கஹாலும், முடி மேல போய் ஒட்டிக்கிற ஒரு வகை சோப்பு மாதிரி சரக்கும் இருக்கு. துணிக்குப் போடுற ஃபேப்ரிக் சாஃப்ட்னர்லயும் அடிப்படை இதே மாதிரிதான், ஒண்ணு விட்ட அண்ணன் தம்பின்னு வச்சுக்கோங்க. இது நூல் மேல வழவழன்னு படியுது, அதனால இழுக்கும்போது நூலுக்கு நூல் உரசாம வழுக்கிக் குடுக்குது. நூல நீளமாக்குறது இல்ல. வீடியோல காட்டுற மாதிரி ஊற வச்சு சும்மா கொடியில போட்டா மெத்துனு இருக்கிற சுருங்கின ஜீன்ஸ்தான் கிடைக்கும். இழுத்தாதான் பலன். கண்டிஷனர் இல்லையா, சாஃப்ட்னர் ஒரு மூடி ஊத்துங்க. அதுவும் இல்லையா, வெறும் தண்ணி போதும், கொஞ்சம் கூட நேரம் மல்லுக்கட்டணும், அவ்ளோதான்.

ஈரத்துல இழுத்தா கிழிஞ்சிராதான்னு பயப்படுறவங்களுக்கு ஒரு நல்ல சேதி, பருத்தி நனைஞ்சா பலம் கூடும். ரேயான், விஸ்கோஸ்லாம் அதுக்கு நேர் எதிர், நனைஞ்சா பலவீனம், அதனால ரேயான் கலந்த மெல்லிசு ஜீன்ஸ் டைப் பேண்ட்ல இந்த வித்தைய காட்டாதீங்க. பருத்தியில தண்ணி போனதும் இழைக்குள்ள இருக்கிற பிடிமானம் தளருது, காயும்போது எந்த வடிவத்துல இருக்கோ அந்த வடிவத்துல திரும்ப பிடிச்சுக்குது. சட்டைய தண்ணி தெளிச்சு அயர்ன் பண்ணா ஏன் மடிப்பு போகுது, இதனாலதான். ஆக ஈரமா இருக்கும்போது இழுக்கணும், இழுத்த நிலையிலயே காயணும். இழுத்துட்டு விட்டுட்டா ரப்பர் மாதிரி திரும்பப் போயிரும், முக்கால்வாசி பேரு கோட்டை விடுறது இந்த இடத்துலதான்.

எப்படி பண்றதுன்னா, ஒரு பக்கெட்ல பாதி வெதுவெதுப்பான தண்ணி, குழந்தைய குளிப்பாட்டுற பதம், அதுக்கு மேல சூடு வேண்டாம், சூடு வச்சா சுருங்காத மிச்சமும் சுருங்கிரும். அதுல ரெண்டு மூணு ஸ்பூன் கண்டிஷனர நல்லா கலக்கிட்டு ஜீன்ஸ உள்ள அமுக்கி 20, 30 நிமிஷம் விடுங்க. தனியா போடுங்க சாமி, வேற துணி எதுவும் கூட வேண்டாம், நீலம் இறங்கும். அப்புறம் எடுத்து முறுக்கிப் பிழியாம கையால அமுக்கி தண்ணிய எடுத்துட்டு, ஒரு பழைய துண்டுல பாய் மாதிரி சுருட்டி மேல ஏறி மிதிங்க. சொட்டச் சொட்ட இருந்தா கை வழுக்கும், ரொம்ப காஞ்சா அசையாது, ஈர மண்ணு மாதிரி இருக்கிற பதம்தான் சரி.

இடுப்புக்கு என்கிட்ட ஒரு வீட்டு வைத்தியம் இருக்கு. ஆன்லைன்ல மரத்துல ஸ்க்ரூ வச்ச வெயிஸ்ட் ஸ்ட்ரெச்சர் விக்கிறாங்க, அது நல்ல சாமான்தான், ஆனா ஒரு ஜீன்ஸுக்காக அத எதுக்கு வாங்கணும். வீட்ல தண்ணி பிடிக்கிற பிளாஸ்டிக் குடமோ சில்வர் குடமோ எடுத்துக்கோங்க. 32 இஞ்ச் இடுப்பு ஒரு வட்டமா நின்னா குறுக்களவு பத்து இஞ்ச் சொச்சம், குடத்தோட வாய்க்குக் கீழ இருந்து வயிறு வரைக்கும் சரிஞ்சு பருத்துக்கிட்டே போகுதுல்ல, அந்தச் சரிவுல எங்கயாவது உங்க அளவு இருக்கும். டேப் போட்டு, உங்க டார்கெட் அளவுக்கு ஒரு இஞ்ச் கூட எந்த எடத்துல வருதுன்னு பாத்து அங்க ஒரு கோடு போட்டுக்கோங்க. குடத்துல முக்கால்வாசி தண்ணி ஊத்துங்க, இல்லன்னா தள்ளும்போது ஆடும். ஜீன்ஸ் ஜிப் போட்டு பட்டன் போட்டு (உடம்புல போடாம சும்மா போட்டா பட்டன் தாராளமா போட வரும்) குடத்துக்கு குல்லா மாட்டுற மாதிரி தலைகீழா கவுத்து, இடுப்புப் பட்டிய ரெண்டு பக்கமும் பிடிச்சு கொஞ்சம் கொஞ்சமா கீழ எறக்குங்க. சுத்தி சுத்தி எறக்கணும், ஒரே பக்கம் அமுக்குனா கோணிக்கும். ஒரேயடியா கோட்டுக்குப் போக வேண்டாம், அரை இஞ்ச் எறக்கி பத்து நிமிஷம் விட்டு அடுத்த அரை இஞ்ச். கோட்டுக்கு வந்ததும் அப்படியே ஃபேனுக்குக் கீழ வச்சுட்டு தூங்கப் போங்க. பித்தளைக் குடம் வேண்டாம், ஈரத்துணி ராத்திரி பூரா பித்தளையில ஒட்டிக்கிட்டு இருந்தா கறை பிடிக்கும்.

ஏன் ஒரு இஞ்ச் கூட வைக்கச் சொல்றேன்னா, எறக்குனதும் கொஞ்சம் திரும்பப் போகும். அந்த திரும்பப் போறதையும் சேத்துதான் இழுக்கணும்.

குடம் இல்லாத ரூம்ல இருக்கிறவங்க, பட்டன் போட்ட ஜீன்ஸ தரையில வச்சு, இடுப்புப் பட்டிக்குள்ள ஒரு பக்கத்துல ரெண்டு காலையும் வச்சு மிதிச்சுக்கிட்டு, எதிர்ப்பக்கத்த ரெண்டு கையால மேல தூக்குங்க. பத்து எண்ணுற வரைக்கும் பிடிச்சு, விட்டு, ஜீன்ஸ கொஞ்சம் சுத்தி, திரும்ப. கை பட்டிய முழுசா பிடிச்சிருக்கணும். பெல்ட் லூப்ப பிடிச்சு இழுக்கவே கூடாது, பாக்கெட் வாயையும் பிடிக்கக் கூடாது, லூப் பட்டுனு பிஞ்சு வரும்போது பின்னாடி துணியையும் ஓட்டையாக்கிட்டுதான் வரும். பட்டனுக்கும் ஜிப்புக்கும் நேரா பாரம் விழுகாம பக்கவாட்டுல இழுங்க.

தொடை டைட்டா இருந்தா அதுக்கு பெரிய வித்தை வேண்டாம், தொடைப் பகுதியில ரெண்டு கையையும் உள்ள விட்டு குறுக்க விரிச்சு இழுங்க, அது சொன்ன பேச்சு கேக்கும்.

லென்த்துதான் தலைவலி. கால் நீளம் 30 இஞ்சும் பாவு நூல், மொத்தமும் இறுகி உக்காந்திருக்கு, பக்கவாட்டுல வேற கெட்டியான தையல் ரெண்டு ஓடுது, அந்தத் தையல் நூலும் துணியோட சேந்து நெருங்கிருக்கும். ஒருத்தர் இடுப்பப் பிடிக்க ஒருத்தர் கால் நுனியப் பிடிக்க, போர்வை பிழியிற மாதிரி எதிரெதிரா நின்னு ஒவ்வொரு காலா இழுங்க, தையல் ஓரமா பிடிச்சு இழுங்க, அங்கதான் அடைஞ்சிருக்கு. தனியாளா இருந்தா ஒரு நுனிய மிதிச்சுக்கிட்டு முட்டி வரைக்கும் ஒரு தடவை, முட்டியில இருந்து மேல ஒரு தடவைன்னு பாகம் பாகமா இழுங்க. அப்புறம் இடுப்பு மேல இருக்கிற மாதிரி கொடியில நாலஞ்சு கிளிப்பு போட்டுத் தொங்க விட்டு, ஒவ்வொரு கால் அடியிலயும் ஒரு லிட்டர் தண்ணி பாட்டில கெட்டியான கிளிப்புல மாட்டி விடுங்க. ரெண்டு லிட்டர் பாட்டில் மாட்டுனா இன்னும் சீக்கிரம் வருமேன்னு பேராசைப்பட வேண்டாம், கிளிப்பு தெறிச்சு கால்ல விழும், அனுபவம். நெழல்ல காய விடுங்க. முக்கால் பாகம் காஞ்சதும் ஒரு தடவை எடுத்து இழுத்து, ஸ்டீம் அயர்ன் இருந்தா ஒரு கையால இழுத்துப் பிடிச்சுக்கிட்டே ஆவி விட்டு அமுக்கி எடுங்க. இவ்ளோ பண்ணா அரை இஞ்ச், நல்ல நேரமா இருந்தா முக்கால் இஞ்ச் வரும்.

இதுல லென்த்தும் இடுப்பும் ஒரே நாள்ல பண்ண முடியாதுன்னு புரிஞ்சிருக்கும், ஒண்ணு குடத்துல இருக்கும், ஒண்ணு கொடியில இருக்கும். இன்னைக்கு லென்த், காஞ்சதும் இடுப்புப் பட்டிய மட்டும் நனைச்சு குடத்துல மாட்டுறதுன்னு வச்சுக்கோங்க.

கடைசி கட்டம் போட்டுக்கிறது. லேசா ஈரப்பதம் இருக்கும்போதே போட்டுக்கிட்டு அரை மணி நேரம் நடங்க, மாடிப்படி ஏறி எறங்குங்க, நாற்காலியில உக்காந்து உக்காந்து எந்திரிங்க. உடம்பு எந்த எடத்துல பருமனோ அந்த எடத்துல தானா குடுக்கும், இத கையால இழுத்துக் கொண்டு வர முடியாது. வெளிநாட்டுல பாத்டப்ல ஜீன்ஸோட உக்காருற பழக்கம் உண்டு, அதுவும் இதே யோசனைதான். நம்ம ஊர்ல அரை மணி நேரத்துக்கு மேல ஈர ஜீன்ஸ்ல இருக்காதீங்க, தொடை இடுக்குல படர்தாமரை வந்துச்சுன்னா ஜீன்ஸ் சுருங்குனதே தேவலன்னு ஆயிரும். வெளிர் கலர் சோபாவுல உக்காராதீங்க, நீலம் ஒட்டும்.

அப்புறம் இந்த குத்த வச்சு உக்காருற பயிற்சி. வீடியோல எல்லாம் ஐம்பது தடவை உக்காந்து எந்திரின்னு சொல்றாங்க. பத்து இருபது தடவை தப்பில்ல. ஆனா இறுகின ஜீன்ஸ்ல குத்த வச்சே நேரம் போக்காதீங்க. 2015ல ஆஸ்திரேலியாவுல அடிலெய்ட்ல ஒரு பொம்பள, 35 வயசு, வீடு மாத்துறதுக்கு சொந்தக்காரங்களுக்கு உதவியா ஸ்கின்னி ஜீன்ஸோட மணிக்கணக்கா குத்த வச்சு அலமாரி காலி பண்ணிட்டு இருந்துருக்காங்க, சாயந்தரம் கால் மரத்துப் போய் நடக்க முடியாம விழுந்து, ஆஸ்பத்திரியில ஜீன்ஸ வெட்டித்தான் எடுத்தாங்க. இறுக்கமான ஜீன்ஸுக்குள்ள கால் வீங்க வீங்க நரம்ப அமுக்கிருச்சு, நாலு நாள் ட்ரிப் ஏத்தி சரியாச்சு, டாக்டருங்க மெடிக்கல் ஜர்னல்ல எழுதிருந்தாங்க. பட்டனே போட வராத ஜீன்ஸ மூச்சப் பிடிச்சு மாட்டிக்கிட்டு பயிற்சி பண்ண வேண்டாம்னு சொல்றதுக்குத்தான் இத எழுதுறேன். மொதல்ல குடம், அப்புறம் உடம்பு.

ஸ்ட்ரெச் ஜீன்ஸ் வச்சிருக்கிறவங்க இந்த குடம், பாட்டில் எதையும் தொடாதீங்க. எலாஸ்டேன் ரப்பர் மாதிரி, அத நாள் பூரா இழுத்துப் பிடிச்சு காய வச்சா ரப்பரோட உயிர் போயிரும், அப்புறம் முட்டியில தொங்கும், பின்னாடி பை மாதிரி ஆயிரும். பச்சைத் தண்ணி தெளிச்சு போட்டுக்கிட்டு நடந்தா போதும், ரெண்டு தடவை போட்டா பெரும்பாலும் பழைய நிலைக்கு வரும். சூடான அயர்ன், டிரையர் ரெண்டும் அதுக்கு எமன். இழுக்கும்போது துணி மேல குட்டி குட்டியா அலை மாதிரி வரி தெரிஞ்சா உள்ள நூல் அறுந்து போச்சு, அது திரும்ப வராது.

பேக்கிங் சோடா, வினிகர், ஃப்ரீசர்ல வைக்கிறது இதெல்லாமும் கேக்குறாங்க. சோடா அழுக்குக்கு, வினிகர் உப்புப் படிவுக்கு, ரெண்டுக்கும் சுருக்கத்துக்கும் சம்பந்தம் இல்ல. ஃப்ரீசர்ல வச்சா ஜில்லுன்னு இருக்கிற சுருங்கின ஜீன்ஸ் கிடைக்கும்.

இவ்ளோ பண்ணியும் அடுத்த துவைப்புல கொஞ்சம் திரும்பப் போகும், இத மறைக்காம சொல்லிரணும். நூல் அதுக்கு வசதியான எடத்துக்கு போகத்தான் பாக்கும். பச்சைத் தண்ணி, ஜெண்டில் மோடு, உள்பக்கம் வெளிய திருப்பிப் போட்டு துவைச்சு, ஈரத்துல இடுப்பையும் தையலையும் ஒரு இழு இழுத்துத் தொங்க விட்டீங்கன்னா சமாளிச்சிரலாம். துவைக்காமலே இருந்தா என்னன்னு கேக்காதீங்க, லீவைஸ் கம்பெனியோட தலைமை அதிகாரியா இருந்த சிப் பெர்க் 2014ல மேடையிலயே, நான் போட்டிருக்கிற ஜீன்ஸ் ஒரு வருஷமா மெஷின் பாக்கலன்னு சொன்னாரு, அவர் கம்பெனி இருக்கிறது சான் ஃபிரான்சிஸ்கோ குளிர்ல. மே மாசம் சென்னை பஸ்ல போயிட்டு வந்து அத செய்யுங்க பாப்போம்.

டெய்லர்கிட்ட போற கட்டம் எப்போன்னா, ஒண்ணரை இஞ்சுக்கு மேல சுருங்கிருந்தா. அதுக்கு மேல இழுத்தா தையல்தான் விடும். நல்ல ஆல்டரேஷன் கடையில இடுப்புப் பட்டிய ரெண்டு பக்கமும் வெட்டி, பக்கத் தையல கொஞ்சம் பிரிச்சு, சின்னதா முக்கோணத் துண்டு வச்சுக் குடுப்பாங்க. சட்டைக்குள்ள மறைஞ்சிரும். ஜீன்ஸ்ல உள்பக்கம் விட்டுத் தைக்க மிச்சத் துணி சட்டை பேண்ட் மாதிரி தாராளமா இருக்காது, அதனால பிரிச்சு விடுங்கன்னு மட்டும் சொன்னா டெய்லர் சிரிப்பாரு, துண்டு வைக்கணும். அந்தத் துண்டுக்கு உங்க பழைய ஜீன்ஸ் ஒண்ண எடுத்துட்டுப் போங்க, புதுத் துணி வச்சா அது தனியா சுருங்கி இன்னொரு பிரச்சனை ஆரம்பிக்கும். மெல்லிசு ஊசி போட்டு ஓட்டுனா உடையும், 16 இல்லன்னா 18 நம்பர் ஊசி வச்சிருக்காரான்னு கேட்டுக்கோங்க.

தம்பி, உங்க கேஸ்ல இடுப்பு வந்துரும்னு நெனைக்கிறேன், சனிக்கிழமை ஆரம்பிச்சா ஞாயித்துக்கிழமை சாயந்தரம் தெரிஞ்சிரும். லென்த்ல நீங்க பண்ண தப்பு மெஷின்ல போட்டது மட்டும் இல்ல, வாங்குன அன்னைக்கே கடையில லென்த் குறைச்சது. நம்ம ஊர்ல எல்லாரும் இதத்தான் பண்றோம், பில் போட்டு முடிக்கிறதுக்குள்ள கீழ டெய்லர் மடிச்சுத் தச்சு குடுத்துர்றாரு, வெட்டுன துணி அவரு கடை குப்பையில, ஜீன்ஸ் நம்ம வீட்டு பக்கெட்ல சுருங்குது. அடுத்த தடவை ரெண்டு துவைப்பு போட்டுட்டு அப்புறமா குறைங்க. இப்போதைக்கு அடிமடிப்ப திருப்பிப் பாருங்க, ரெண்டு மடிப்பா மடிச்சுத் தச்சிருந்தா அத பிரிச்சு, ஓரத்துல ஒரு ஓவர்லாக் மட்டும் அடிச்சு ஒரே சின்ன மடிப்பாக்குனா அரை இஞ்ச் கிடைக்கும். பாட்டில் கட்டி இழுத்ததுல ஒரு அரை இஞ்ச். ரெண்டும் சேந்தா கணுக்கால் மறைஞ்சிரும். பழைய மடிப்பு இருந்த எடத்துல ஒரு வெள்ளைக் கோடு தெரியும், அதுக்கு நான் ஒண்ணும் பண்ண முடியாது.